நகரும் வீட்டில் ஒரு வானொலி நிலையம்: மோட்டார் ஹோம் பயணத்தில் ஹாம் ரேடியோ

கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருந்துகொண்டு ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்று அலைவழியே பேசும் பொழுதுபோக்கில், ஈடுபட நினைப்பவருக்கு எதிரே வந்து நிற்கும் பெருந்தடை தேர்வோ பணமோ அன்று. கம்பி கட்ட இடமில்லாமைதான். 7 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அரையலை இருமுனை ஆண்டெனாவுக்கு (அலைநீளத்தில் பாதியளவுள்ள, நடுவில் இணைப்புக் கொண்ட கம்பிக்கு) முனையிலிருந்து முனைவரை 20 மீட்டர் நீளம் வேண்டும். துணி உலர்த்தும் கொடிக்கே விதி வைத்திருக்கும் அடுக்குமாடி நிர்வாகத்திடம் அதற்கு அனுமதி கேட்பதே வீண். மாடத்தில் ஒரு கம்பியை ஒளித்துக் கட்டினாலும், மின்தூக்கியின் மோட்டாரும், பக்கத்து வீட்டுக் கைப்பேசி மின்னேற்றியும், நடைபாதையின் எல்இடி விளக்குகளும் எழுப்பும் மின் இரைச்சலில் தொலைவிலிருந்து வரும் குரல் மூழ்கிப்போகும். மோட்டார் ஹோம் இந்த இரண்டு சிக்கலையும் ஒருசேரத் தீர்க்கிறது. படுக்கையும் அடுப்பும் மின்கலமும் உடைய வானொலி அறையை, இரைச்சல் இல்லாத இடத்துக்கே ஓட்டிச் சென்றுவிடலாம்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப் போவது, விலையுயர்ந்த கருவியைத் தேடுவதைவிட வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்வதில் கருத்தைச் செலுத்துங்கள் என்பதைத்தான். கருவியின் சிக்னல் மீட்டரில் ஓர் எஸ் அலகு என்பது 6 டெசிபல். நகரத்து வீட்டில் எஸ்8 வரை ஏறி நிற்கும் இரைச்சல், மின்கம்பிகள் எட்டாத ஒரு கடற்கரையில் பகல் வேளையில் எஸ்2-க்கு இறங்குமானால், வேறுபாடு 36 டெசிபல். அதாவது ஏறக்குறைய 4,000 மடங்கு. ஆனால் 100 வாட்டை 400 வாட்டாக உயர்த்தினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கூடுவது ஒரேயொரு எஸ் அலகு. பணத்தைக் கொட்டி ஆற்றல்பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வாங்குவதைவிட டீசலுக்குச் செலவழிப்பது மேல் என்று நான் சொல்வதன் கணக்கு இதுதான். எனினும் இரவில் 7 மெகாஹெர்ட்ஸில் சுமத்ராப் பக்கத்து இடியின் படபடப்பை எந்தக் கடற்கரையும் குறைத்துத் தராது. அது நம் பூமத்தியரேகை வட்டாரத்தின் பிறவிக்குணம்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, நிலையத்தின் பெயராக விளங்கும் அழைப்புக்குறியைப் பெற்ற பிறகே ஒலிபரப்பும் பொத்தானைத் தொடலாம். பி வகுப்பினருக்கு 9டபிள்யூ என்றும், ஏ வகுப்பினருக்கு 9எம் என்றும் குறி தொடங்கும். அதையடுத்து வரும் எண்ணில் 2 தீபகற்பத்தையும், 6 சபாவையும், 8 சரவாக்கையும் குறிக்கும். எந்த அலைக்கற்றையில் எத்தனை வாட் வரை செல்லலாம் என்பது வகுப்பைப் பொறுத்தது. உரிமத்தாளின் நகல் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டெனாவைக் கண்டு ஐயப்பட்டு வரும் காவல் அதிகாரிக்கு அந்தத் தாளைப் போல விளக்கம் தரக்கூடியது வேறில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்றிதழ் இல்லாத கருவியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தவும் வேண்டாம்.

வண்டியும் மின்சாரமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார் ஹோமைக் கொண்டே தொடங்கலாம். தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. வாடகை வண்டியில் துளையிட முடியாது என்பதால், எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் விதத்தில் அமைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். சொந்த வண்டியாக இருந்து, கூரையிலோ உடலிலோ நிலையான மாற்றம் செய்வதானால், முன்கூட்டியே சாலைப் போக்குவரத்து இலாகாவை அணுகி அனுமதி தேவையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டியின் உடல் எதனால் ஆனது என்பதை முதல் நாளே தட்டிப் பாருங்கள். காரின் இரும்புக் கூரைமீது காந்த அடியுடைய ஆண்டெனாவை வைத்துப் பழகியவர், மோட்டார் ஹோமின் கண்ணாடியிழைக் கூரையிலோ அலுமினியத் தகட்டிலோ அது ஒட்டாமல் வழுக்குவதைக் கண்டு திகைப்பார். ஒட்டாதது பாதிச் சிக்கல்தான். கால் அலை ஆண்டெனாவுக்கு அடியில் உலோகப் பரப்பு ஒன்று கண்ணாடியைப் போல இருந்து அதன் மறுபாதியாகச் செயல்பட வேண்டும். கண்ணாடியிழையில் அது கிடைக்காது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது ஏறத்தாழ அரை மீட்டர்தான் என்பதால், அத்தனை ஆரம் கொண்ட மெல்லிய உலோகத் தகட்டைக் கூரையின் உட்புறத்தில் ஒட்டுவது ஒரு வழி. தரைப்பரப்பைச் சாராத அரையலை ஆண்டெனாவை வாங்கிப் பின்புற ஏணியில் பொருத்துவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

மின்சாரத்துக்கு வருவோம். 100 வாட் எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை) கருவி, ஒலிபரப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் ஆம்பியர் அளவே போதும். குரல்வழிப் பேச்சில் சராசரி 10 ஆம்பியர் என்றும், ஐந்தில் ஒரு பங்கு நேரமே நீங்கள் பேசுவீர்கள் என்றும் கொண்டால், மூன்று மணி நேர அமர்வுக்கு ஒன்பது ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும். 100 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மின்கலத்தின் அளவைவிட, அதிலிருந்து கருவிக்குச் செல்லும் கம்பியின் தடிமனே பெரிய சிக்கல். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று 4 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால், 22 ஆம்பியரில் ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும்; பேசத் தொடங்கியதும் கருவி தானாக அணைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குக் குறையும். மின்கலத்தின் முனைக்கு அருகிலேயே இரு கம்பிகளிலும் ஃபியூஸ் இடுங்கள். முன்பலகையில் உள்ள சிகரெட் துளையில் சொருகி எச்எஃப் கருவியை இயக்க வேண்டாம். அந்தத் துளை கைப்பேசிக்கு மின்னேற்றத்தான் ஏற்றது.

உள்ளேயே இருக்கும் இரைச்சல்

நகரத்து இரைச்சலிலிருந்து தப்பி வந்தவர், அதைவிட மோசமான இரைச்சலைத் தம்முடனேயே ஏற்றிக்கொண்டு வந்திருப்பதை முதல் இரவில் கண்டுகொள்வார். எனக்கும் அதுவே நேர்ந்தது. பத்தாங் காலியை நோக்கிய ஒரு முகாமிடத்தில் ஆண்டெனாவைக் கட்டி முடித்துக் கருவியைத் திறந்தபோது, தேனீக்கூட்டம் போன்ற ரீங்காரம் அலைக்கற்றை முழுவதையும் நிறைத்திருந்தது. கம்பியைக் கழற்றினேன், இணைப்புகளைத் துடைத்தேன், அருகிலிருந்த மின்கம்பத்தைக் குறைசொன்னேன். கடைசியில் என் மனைவி, குளிர்பெட்டி ஓடும்போது மட்டும்தானே சத்தம் கேட்கிறது என்று சுட்டிக்காட்டிய பிறகே, அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரின்மீது கவனம் சென்றது.

வரிசையாக அணைத்துப் பார்ப்பதே இரைச்சலைக் கண்டுபிடிக்கும் முறை. முதலில் வண்டியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, தனியாக ஒரு சிறு மின்கலத்தில் கருவியை இயக்கிக் கேளுங்கள். அப்போது கேட்பதுதான் அந்த இடத்தின் உண்மையான இரைச்சல். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்கு, நீரிறைப்பான், குளிர்பெட்டி, சூரியத்தகட்டின் கட்டுப்படுத்தி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மீட்டரைக் கவனியுங்கள். என் பட்டறிவில் இன்வெர்ட்டரும், சூரியத்தகட்டின் எம்பிபிடி கட்டுப்படுத்தியும், விலை மலிந்த எல்இடி விளக்குகளும்தாம் முதன்மைக் குற்றவாளிகள். அவற்றுக்குச் செல்லும் கம்பிகளை 31 வகை ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள்) வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் பெருமளவு அடங்கும். அடங்காதவற்றைப் பேசும் நேரத்தில் அணைத்து வைப்பதுதான் எளிய தீர்வு. குளிர்பெட்டி இரண்டு மணி நேரம் ஓடாவிட்டால் மீன் கெட்டுவிடாது. வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நெடுஞ்சாலை ஓய்வுத்தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்வுத்தளங்கள் குளிப்பதற்கும், நாசி லெமாக் வாங்குவதற்கும், சற்றே கண்ணயர்வதற்கும் அருமையானவை. எச்எஃப் பேசுவதற்கு அவை ஆகா. உயரமான விளக்குக் கம்பங்களும் கடைகளின் குளிர்பதனப் பெட்டிகளும் சூழ்ந்த இடத்தில் கம்பியை விரிக்க இடமும் இராது. நடந்து செல்வோரின் கழுத்தில் கம்பி மாட்டும் அபாயமும் உண்டு.

எங்கே நிறுத்துவது, எதைக் கட்டுவது

இனி வருவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையான பகுதி. யாரோடு பேச விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற ஆண்டெனாவையும், அந்த ஆண்டெனாவுக்கேற்ற இடத்தையும் தேர்ந்தெடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தீபகற்பத்துக்குள் பேசுவதானால் 7 மெகாஹெர்ட்ஸ் போதும். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட விஎச்எஃப் அலை, கேட்டதை உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையத்தின் துணையின்றி அத்தனை தூரம் செல்லாது. தித்திவங்சா மலைத்தொடரின் மறுபக்கம் உள்ள குவந்தானுக்கோ கோத்தா பாருவுக்கோ செல்வது அதனினும் கடினம். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர் மேலே அனுப்பினால், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அதைத் திருப்பி மழையைப் போலத் தலைக்கு மேலிருந்து பொழியும். மலை குறுக்கே நின்றாலும் பொருட்டில்லை. இதற்கு ஆண்டெனா தாழ்வாக இருப்பதே நல்லது. நடுப்பகுதியைக் கண்ணாடியிழைத் தூண்டில் கோல் ஒன்றில் ஆறேழு மீட்டர் உயரத்தில் தூக்கி, ஆண்டெனாவின் இரு பக்கக் கம்பிகளையும் கூடாரக் கயிறு போலச் சரித்துக் கட்டுங்கள். நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும், 7.1-க்கு 20.1 மீட்டர் கிடைக்கும். முதலில் சற்று நீளமாக வெட்டி, நிலையலை விகிதம் (ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வரும் வரை இரு பக்கமும் சமமாகக் குறையுங்கள். நமது வட்டாரத்தில் பகல் முழுவதும், பெரும்பாலும் முன்னிரவு வரையிலும் இந்த வழி திறந்திருக்கும். விடியலுக்கு முன் அயனி மண்டலம் வலுவிழக்கும்போது மூடிக்கொள்ளும்.

ஒரே ஒரு கம்பியைக் கட்டவே பொறுமை உண்டென்றால், முனையூட்டு (ஒரு முனையில் மட்டும் இணைக்கும்) அரையலைக் கம்பியை வாங்குங்கள். 49-க்கு 1 என்ற விகிதத்தில் மின்மறுப்பை (இம்பீடன்ஸை) மாற்றும் சிறு பெட்டியை வண்டியின் ஏணியில் கட்டி, 20 மீட்டர் கம்பியின் மறுமுனையை எட்டத்தில் ஒரு மரத்தில் கட்டிவிட்டால், 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் ஆகிய நான்கிலும் அது இயங்கும். அந்த மரம் எது என்று பார்த்துக் கட்டுங்கள். பாலிக் புலாவ் தோட்டங்களில் ஜூன், ஜூலை மாதங்களில் டுரியான் மரத்தடியில் வண்டியை நிறுத்துபவருக்கு ஆண்டெனாவைவிடக் கூரையைப் பற்றிய கவலையே மிகும்.

கடல் கடந்து பேச விரும்புவோருக்குப் பினாங்குத் தீவைப் போல வாய்த்த இடம் குறைவு. தீவின் மேற்குக் கரையிலோ, தெலுக் பஹாங் பக்கத்து வடமேற்குக் கரையிலோ நின்று பார்த்தால், சென்னையின் திசை ஏறக்குறைய மேற்கு வடமேற்கு, பெரும்பகுதி கடற்பரப்பே. தொலைவு சுமார் 2,300 கிலோமீட்டர். 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, அயனி மண்டலத்தில் ஒருமுறை பட்டுத் திரும்பும் ஒரே தாவல். ஆனால் அந்தத் தாவலுக்கு அலை அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் புறப்பட வேண்டும். தாழ்வாகக் கட்டிய இருமுனை ஆண்டெனா இங்கே பயன்படாது. நிமிர்ந்த கம்பியே வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஐந்து மீட்டர்தான். அதே தூண்டில் கோலில் அந்தக் கம்பியைக் கட்டி நிறுத்தி, அடியில் நான்கு கம்பிகளை மணலில் விரித்துவிடுங்கள். உப்புநீர் மிகச் சிறந்த மின்கடத்தி என்பதால், நீரின் விளிம்பிலிருந்து ஓரிரு அலைநீளத்துக்குள், அதாவது இருபது முப்பது மீட்டருக்குள், ஆண்டெனா நிற்குமானால் தாழ்ந்த கோணத்துச் சிக்னல் வியக்கும் அளவுக்கு வலுக்கும். ஐம்பது வாட்டும் மணலில் நட்ட தூண்டில் கோலும், ஊருக்குள் பெரிய கோபுரம் வைத்திருப்பவரோடு போட்டியிடும்.

நம் முன்னோர் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பல நாள் கடல்வழி வந்து இறங்கியதும் இதே பினாங்கில்தான். அந்த வழியை அலை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுகிறது என்று எண்ணும்போது, மைக்கைப் பிடித்த கை எனக்குச் சற்றே தயங்குவதுண்டு. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. நமக்கு இரவு 9.30 ஆகும்போது அங்கே மாலை 7. இரு கரையும் இருண்ட பிறகு 7 மெகாஹெர்ட்ஸும் அந்தத் தொலைவுக்குத் திறக்கும். வியூ2, வியூ3 என்று தொடங்குபவை இந்திய நிலையங்கள். 4எஸ்7 என்பது இலங்கை. அழைப்புக்குறிகளைச் சர்வதேச ஒலிப்பு முறையில் பரிமாறிக்கொண்ட பிறகு, வணக்கம் சொல்லித் தமிழுக்கு மாறிவிடலாம். உள்ளூரிலோ மலாயும் ஆங்கிலமும் கலந்தே பேச்சு நடக்கும்.

பேசுவதற்குக் கூச்சப்படுபவர்களுக்கு எஃப்டி8 என்னும் எண்முறைத் (டிஜிட்டல்) தொடர்பு இருக்கிறது. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் வெளியிட்ட இம்முறையில், கணினி 15 நொடிக்கு ஒருமுறை மாறி மாறி அனுப்பவும் கேட்கவும் செய்யும்; காதுக்கே எட்டாத சிக்னலையும் அது படித்துவிடும். இந்த டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். கணினியின் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் தொடர்பு கிடைக்காது என்பதால், இணையம் இல்லாத முகாமிடத்தில் ஜிபிஎஸ் வழியாக நேரத்தைச் சரிசெய்யுங்கள். எனக்கென்னவோ குரல் கேட்காத உரையாடலில் மனம் ஒன்றுவதில்லை.

வண்டி ஓடும்போது

ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். ஓடும் வண்டியில் எச்எஃப் ஆண்டெனாவாகப் பொருத்தும் இரண்டரை மீட்டர் கோல், 7 மெகாஹெர்ட்ஸில் கொடுத்த ஆற்றலில் சில விழுக்காட்டையே வெளியே அனுப்பும் என்பதால், பயணத்தின்போது 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் கற்றையே போதும் என்பேன். புறப்படும் முன் வழியில் உள்ள ரிப்பீட்டர்களின் அதிர்வெண்ணையும், கேட்கும் அதிர்வெண்ணுக்கும் அனுப்பும் அதிர்வெண்ணுக்கும் இடையிலான 600 கிலோஹெர்ட்ஸ் விலகலின் திசையையும், ரிப்பீட்டரைத் திறக்கும் குறைதொனியையும் கருவியில் வரிசையாகப் பதிந்துவையுங்கள். ரிப்பீட்டர்கள் உயரத்தில் இருப்பதன் காரணம் கணக்கில் தெரியும்: மூன்று மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஆண்டெனாவின் வானொலித் தொடுவானம் ஏழு கிலோமீட்டர், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையின் தொடுவானமோ ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வண்டியைக் கீழே விட்டுவிட்டு, கையடக்கக் கருவியுடன் மலை ரயிலில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

நாம் இருக்கும் இடத்தை நண்பர்களுக்குக் காட்ட ஏபிஆர்எஸ் உதவும். மலேசியாவில் 144.390 மெகாஹெர்ட்ஸில் வண்டியின் ஜிபிஎஸ் நிலையை அது விட்டுவிட்டு அனுப்பும். அதன் சின்னப் பட்டியலில் மோட்டார் ஹோமுக்கென்றே ஒரு படம் இருக்கிறது. வீடு பூட்டிக் கிடப்பதும் அதே வரைபடத்தில் ஊருக்கெல்லாம் தெரியும் என்பதை மறவாதீர்கள்.

அண்டை நாட்டுக்குள் வண்டியோடு செல்வதானால், அந்நாட்டு ஆணையத்தின் எழுத்துவழி அனுமதி கைக்கு வந்த பிறகே கருவியை ஏற்றுங்கள். புக்கிட் காயு ஹீத்தாம் சாவடியில் நின்றுகொண்டு சுங்க அதிகாரிக்கு ஹாம் ரேடியோவை விளக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

இடி, கம்பி, அக்கம்பக்கம்

நம் நாட்டில் இடி இடிக்காத மாதம் இல்லை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடி அன்றாட வழக்கம். ஆகவே எச்எஃப் அமர்வைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொண்டு, தொலைவில் முதல் உறுமல் கேட்டதுமே கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி வண்டிக்கு வெளியே போட்டுவிடுங்கள். அதற்குள் இடி நெருங்கிவிட்டால் கோலை இறக்கப் போகாதீர்கள். ஈரக் கோலைப் பிடித்தபடி திறந்தவெளியில் நிற்பதைவிட ஆண்டெனாவை இழப்பது சிறு இழப்பு. கோலை எங்கே நிறுத்தினாலும், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவு இருக்க வேண்டும். பத்து மீட்டர் கோலுக்கு இருபது மீட்டர் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

முகாமிடத்தில் கம்பி கட்டும் முன் பொறுப்பாளரிடம் ஒரு சொல் கேட்பதும், தாழ்ந்து வரும் முனைகளில் சிவப்புத் துணி கட்டுவதும், இரவு பத்துக்கு மேல் காதுக்கருவி அணிவதும் அடிப்படை மரியாதை. சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். அவர்களை விரட்டாமல் ஒலிபெருக்கியைத் திறந்துவிடுங்கள். ஒலிபரப்பும் வேளையில் மட்டும் கம்பியைத் தொடாதவாறு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பேசிய ஒவ்வொரு நிலையத்தையும் அன்றன்றே பதிவேட்டில் எழுதுங்கள். நம் நேரத்தில் எட்டு மணி நேரத்தைக் குறைத்து, உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும். இடத்துக்கு, உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தரும் கட்டக் குறியீடு போதும். கோலாலம்பூர் ஓஜே03, பினாங்கு ஓஜே05. கடற்கரையில் நின்றுவிட்டுத் திரும்பினால், இணைப்புகளையும் கோலின் மூட்டுகளையும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். உப்புக்காற்று ஒரு மாதத்தில் செய்வதை எந்த ஸ்பிரேயும் மீட்டுத் தராது. புறப்படும் முன் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஏணியில் கட்டிய கம்பி இறங்கிவிட்டதா, கூரை ஆண்டெனா மடங்கிவிட்டதா, மணலில் விரித்த நான்கு கம்பிகளும் பைக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே சாவியைத் திரும்ப வாங்குங்கள்.